ரிவால்வர் யாருக்கு, வழக்கு யாருக்கு?

மடியில் அடங்கும் சிறிய ரிவால்வர்களில் எதை வாங்கலாம் என்ற விசாரணை வசதியுள்ள கனவான்களிடையே ஒரு பேச்சாக இருந்து வருகிறது. மரக் குத்தகை, நில வியாபாரம், ரொக்கப் பட்டுவாடா முதலிய காரியங்களை முன்னிட்டு அகாலத்தில் பிரயாணம் செய்பவர்கள் இக்கேள்வியைக் கேட்பதில் வியப்பொன்றுமில்லை. போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜவ்வாது மலைமீது ஏறும் பாதையை இருட்டில் கண்டவர்கள் அவர்களுடைய அச்சத்தைப் பரிகசிக்க மாட்டார்கள். ஆயினும், அதே மலையில் சாமைக் கொல்லையைப் பன்றியிடமிருந்து காப்பதற்காக ஒரு நாட்டுத் துப்பாக்கியைக் கூரையில் செருகி வைத்திருக்கும் குடியானவரும் இருக்கிறார். கனவானுக்கு ஆயுதம் என்பது கடையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு பொருள். குடியானவருக்கோ அது தலைமேல் தொங்கும் ஒரு வழக்கு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பாராமல் முதற் கேள்விக்கு மட்டும் விடை கூறுவது நேர்மையாகாது என்பது நமது அபிப்பிராயம்.

கேட்ட கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுவோம். நம் தேசத்தில் சாதாரணப் பிரஜைக்கு எல்லாக் கைத்துப்பாக்கியும் கிடைக்கக்கூடியதன்று. 9 மில்லிமீட்டர் பிஸ்டல், .38 ரிவால்வர், .455 ரிவால்வர் ஆகியவை தடை செய்யப்பட்ட ரகங்கள். லைசென்ஸ் பெற்றவர் கைக்கு வருவது பெரும்பாலும் .32 ரகமே. கான்பூரிலுள்ள சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்படும் .32 ரிவால்வர், வெப்லி என்னும் இங்கிலீஷ் ரிவால்வரின் வம்சத்தில் வந்தது. நடுவில் மடித்துத் திறந்து ஆறு தோட்டாக்களை இடுவது. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே இடத்திலிருந்து ‘நிர்பீக்’ என்ற ரிவால்வர் வெளிவந்தது. 2012 டிசம்பரில் டில்லியில் கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த பெண்ணுக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயரை நினைவூட்டும்படி வைத்த பெயர் அது. டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆகி 500 கிராம் எடையுள்ள அந்த ரிவால்வரை ஸ்திரீகளின் கைப்பையில் வைக்கலாம் என்றார்கள். அதன் விலையோ அப்போதே ரூ. 1,22,000-க்கு மேல். 2016-இல் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை ‘நிடர்’ என்ற .22 ரிவால்வரை 250 கிராம் எடையில், சுமார் ரூ. 35,000 விலையில் கொண்டு வந்தது. 2023 ஆகஸ்டில் கான்பூர் தொழிற்சாலை ‘பிரபல்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. அதன் எடை சுமார் 700 கிராம். தோட்டா உருளை பக்கவாட்டில் திறப்பது. அதன் குண்டு 50 மீட்டர் வரை செல்லும் என்று விளம்பரம் செய்தார்கள்.

இவற்றுள் எதைக் கொள்வது? கைக்கு எது இலேசோ அது சுடும்போது கையை அதிகமாக உதைக்கும். குழல் குறுகக் குறுக மறைப்பது எளிது. குறி வைப்பதோ கடினம். விளம்பரத்தில் 50 மீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், திடீரென்று தாக்கப்பட்டுக் கை நடுங்கும் ஒரு மனிதருக்கு ஐந்தாறு அடிக்கு அப்பால் அது பயன்படும் என்று நம்புவது பேதைமை. .22 குண்டு உதைப்பில் மென்மையானது; வந்தவனைத் தடுத்து நிறுத்துவதிலும் மென்மையானதே. விசையை இழுக்க விரல் வலிமை வேண்டும். அவ்வலிமை பழக்கத்தால் வருவதன்றிப் பணத்தால் வருவதன்று. ரிவால்வரில் பெரும்பாலும் தனியாகப் பூட்டு விசை இராது. ஆகையால் வேட்டி மடிப்பிலும் சட்டைப் பையிலும் அதை வெறுமனே செருகிக் கொள்வது தன் தொடைக்கே குறி வைப்பதாகும். விசையை முற்றிலும் மூடும் கெட்டியான தோலுறை இன்றியமையாதது. சுருங்கச் சொன்னால், நடுத்தர எடையுள்ளதும், கைப்பிடி உள்ளங்கையை நிரப்புவதும், தான் ஓயாமல் பழகக் கூடியதுமான .32 ரிவால்வரே எல்லாவற்றிலும் இலேசானதைக் காட்டிலும் மேலானது. வருஷத்திற்கு ஒருமுறைகூடச் சுட்டுப் பழகாதவர் எதையும் வாங்காதிருப்பதே உத்தமம்.

மறைத்து எடுத்துச் செல்வது கோழைத்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்குரிய பையிலோ முழுதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவருடைய கட்டுப்பாட்டை விட்டு விலகாமலும் இருக்க வேண்டும். அதை வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுபவர் லைசென்ஸை இழக்க நேரிடும். கல்யாணப் பந்தலிலும் தேர்தல் ஊர்வலத்திலும் இடுப்புத் துணியை விலக்கி ரிவால்வரைக் காட்டிக் கொள்ளும் பிரமுகர்கள் இதனைக் கருத்தில் வைத்தல் நலம். ஆயுதம் பதவியின் சின்னமாக மாறிய இடத்தில் அது பாதுகாப்பு என்ற பெயருக்கு உரியதன்று.

இனி, ஜவ்வாது மலையில் இச்சிறு ரிவால்வர் எதற்குப் பயன்படும் என்று பார்ப்போம். அம்மலையில் இரவில் எதிர்ப்படக்கூடிய பெரிய அபாயம் கரடியும் காட்டுப் பன்றியுமே. கரடியை .32 குண்டால் சுட்டவர் அதைத் தடுத்தவராக மாட்டார், கோபமூட்டியவரே ஆவார். காயம்பட்ட பன்றி மறுநாள் விறகுக்குப் போகும் ஒரு பெண்ணின்மீது பாய்ந்தால் அந்தப் பாவம் யாரைச் சாரும்? வழிப்பறிக்கு அஞ்சுபவருக்கோ, பகலிற் பிரயாணமும், துணைக்கு இருவரும், ரொக்கத்திற்குப் பதில் பாங்குக் காசோலையும் ரிவால்வரைக் காட்டிலும் சிறந்த கவசம். உண்மையான உயிரபாயம் உள்ளவர்கள் சிலர் இருக்கலாம். அவர்கள் கலெக்டரிடம் காரணங் காட்டி லைசென்ஸ் பெறட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஏனையோர் தேடுவது கௌரவமேயன்றிக் காவலன்று.

தேசபக்தர்களான நமது வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. கையடக்கமான துப்பாக்கிக்கு நம் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. 1911 ஜூன் 17-ஆந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு வீழ்த்தித் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். 1948 ஜனவரி 30-ஆந் தேதி டில்லியில் பிரார்த்தனைக்குச் சென்றுகொண்டிருந்த காந்தியடிகளின் மார்பைத் துளைத்தது பெரெட்டா என்னும் இத்தாலியப் பிஸ்டல். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனையிட வேண்டாம் என்று அடிகள் மறுத்திருந்தார். அந்த நம்பிக்கையின் மறைவிலேயே ஆயுதம் உள்ளே வந்தது. 1967 ஜனவரி 12-ஆந் தேதி ராமாவரத்தில் ஸ்ரீ எம்.ஜி. ராமச்சந்திரனின் கழுத்தில் குண்டு பாய்ந்தபோது எதிரே இருந்தவர் அந்நியரல்லர். பல்லாண்டு பழகிய சக நடிகர் ஸ்ரீ எம்.ஆர். ராதா. தியாகம், துரோகம், மனக்கசப்பு என்று காரணம் வேறுபடலாம். ஆனால் மடியிலிருக்கும் சிறு துப்பாக்கி எவருடைய நோக்கத்தையும் ஆராய்வதில்லை. ஒரு கணத்துக் கோபத்தையும் நெடுநாளைய வஞ்சத்தையும் அது ஒரேவிதமாக நிறைவேற்றித் தருகிறது. ஆதலால், ஆயுதம் தாங்கும் உரிமையைப் பேசும்போது எந்த ஆயுதம், யார் கையில், எதன்பொருட்டு என்ற மூன்றையும் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஜவ்வாது மலையைவிடத் தகுந்த இடம் இல்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் இம்மலையை உலகம் காவலூர் வானாராய்ச்சி நிலையத்தால் அறியும். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் அங்கே செயற்படத் தொடங்கியது. நட்சத்திரங்களைக் காண்பதற்கு இவ்வளவு உயர்ந்த கருவி உள்ள மலையில், கீழேயுள்ள குடிசையைக் காண்பவர் அரியர். அங்கே வாழும் மலைவாசிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தம் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களுடைய கர்ணபரம்பரை. பேசுவது தமிழ், விளைப்பது சாமையும் கேழ்வரகும். புளியும் தேனும் கடுக்காயும் மலை தரும் உபரி வருமானம்.

கதிர் பால் பிடிக்கும் காலத்தில் பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு மண்ணோடு போகும். தகரம் தட்டியும், தீ மூட்டியும், பரண்மீது விழித்திருந்தும் காத்தவர்களுக்குத் துணையாக இருந்தது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியே கருமருந்தையும் குண்டையும் இட்டு இடித்து நிரப்பி ஒருமுறை வெடிக்கலாம். மறுமுறைக்குள் விலங்கு மலையைத் தாண்டிவிடும். அதன் ஓசையே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு ஆள் உயரத்திற்குக் கிட்டத்தட்ட நீண்டிருக்கும் அக்கருவியை எவரும் மடியில் மறைக்க முடியாது. அதைக்கொண்டு கடைவீதியில் ஒருவரைப் பதுங்கியிருந்து கொல்வது கனவிலும் நடவாது. எனினும் பத்திரிகைச் செய்திகளில் அதற்கு வழங்கும் பெயர் ‘கள்ளத் துப்பாக்கி’. மலைக் கிராமங்களில் போலீஸாரும் வன இலாகாவினரும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று கூறுவதும், பிடிபட்டவர்மீது வழக்குத் தொடுப்பதும் தொடர்ந்து வரும் நிகழ்ச்சிகள். 2019-ஆம் ஆண்டு திருத்தத்திற்குப் பின் லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்குச் சாதாரணமாக 2 ஆண்டிற்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். முன்பு அது 1 ஆண்டிலிருந்து 3 ஆண்டு வரை இருந்தது.

சட்டம் அப்படியிருக்கிறது, நாம் என் செய்வோம் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சட்டம் எப்படியிருக்கிறது என்பதை நாமும் படித்துப் பார்த்தோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு லைசென்ஸ் கேட்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பயிர்ப் பாதுகாப்பிற்காக, உண்மையாகவே அதன்பொருட்டு, வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி கேட்கும் இந்தியப் பிரஜைக்கு, வேறு தடை இல்லாதவரை அதிகாரி லைசென்ஸ் ‘வழங்க வேண்டும்’ என்பது ஒன்று. அத்துப்பாக்கி போதாதென்று கண்டால் வேறு தகுந்த துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம் என்றுகூட அப்பிரிவு சொல்கிறது. ரிவால்வர் போன்றவற்றைக் கேட்பவருக்கோ, போதிய காரணம் உண்டென்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டாலன்றிக் கிடையாது என்பது மற்றொன்று. 14-வது பிரிவில், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் லைசென்ஸ் மறுக்கலாகாது என்று எழுதியிருக்கிறது. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்; அதன்மேல் அப்பீல் செய்யவும் வழி உண்டு.

ஆகவே, சட்டம் இயற்றியவர்கள் ஜவ்வாது மலைக் குடியானவரைக் கனவானுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! ஏட்டில் முன்னால் நிற்பவர் நடைமுறையில் சிறைவாசலில் நிற்பதேன்? மலைக் கிராமத்திலிருந்து ஜில்லாத் தலைநகருக்கு வர ஒரு நாட் கூலி போகிறது. மனு எழுதத் தெரிந்தவர் இல்லை. போலீஸ் அறிக்கை, பயிற்சிச் சான்று, பத்திரமாக வைத்துக்கொள்வதாக உறுதிமொழி என்று காகிதத்தின்மேல் காகிதம் கேட்கிறார்கள். வக்கீலும் சிபார்சும் உள்ளவர் இவ்வளவையும் தாண்டி ரூபாய் லட்சம் விலையுள்ள ரிவால்வருக்கு லைசென்ஸ் பெற்றுவிடுகிறார். சாமை விளைப்பவருக்கு இப்படியொரு பிரிவு சட்டத்தில் உண்டு என்று சொல்வார்கூட இல்லை. சட்டத்தைத் தண்டனைப் பிரிவிலிருந்து மட்டும் மலைக்குக் கொண்டு செல்வது எந்த நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

இந்த அநியாயத்தின் வேர் பழையது. கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் வீழ்ந்த பின்னர் 1801 டிசம்பரில் கம்பெனியார் பிரகடனம் செய்து தென்பாண்டிச் சீமைப் பாளையங்களில் ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878-இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் அனைவரையும் லைசென்ஸுக்கு உட்படுத்தி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. ஒரு ஜனசமூகத்தையே நிராயுதபாணியாக்கிய அச்சட்டத்தை, அஹிம்சையையே விரதமாகக் கொண்ட காந்தியடிகளும் கடுமையாகக் கண்டித்தார் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகள் தீர்மானம் அவ்வாண்டு ஆகஸ்டில் திருத்தப்பட்டபோது, உரிய விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரியதாகக் கூறப்பட்டது.

சுதந்திரம் வந்த பின் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச்.வி. காமத் அவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் கடைக்குச் சென்று விரும்பிய ஆயுதத்தை வாங்கிக்கொள்ள உரிமை உண்டென்றால் ராஜ்ய நிர்வாகம் நடைபெறுவது எங்ஙனம் என்ற கருத்தில் டாக்டர் அம்பேத்கர் அதை எதிர்த்தார், திருத்தம் தோற்றது. காந்தியடிகள் சுடப்பட்டு ஓராண்டு நிரம்பாத காலம் அது. டாக்டர் அம்பேத்கர் கூறியது சரியே என்பது நமது துணிபு. ஆயுதம் உரிமையாகாமல் லைசென்ஸுக்கு உட்பட்டதாகவே இருக்கட்டும். ஆனால், லைசென்ஸ் என்பது தேவையை அளக்கும் தராசாக இருக்க வேண்டும். பணப்பையை அளக்கும் தராசாக இருந்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆவி இன்னும் நம் கச்சேரிகளில் உலாவுகிறதென்றே பொருள். அன்று விலக்கு நிறத்தைப் பார்த்து வந்தது. இன்று செல்வாக்கைப் பார்த்து வருகிறது.

விலக்குகள் இன்றும் இல்லாமலில்லை. அண்டை ராஜ்யத்துக் குடகு நாட்டில் குடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் அவசியமில்லை என்ற சலுகை வெள்ளையர் காலத்திலிருந்து வருகிறது. 2019-இல் மத்திய சர்க்கார் அதனை 2029 வரை நீட்டித்தார்கள். 2021-இல் கர்நாடக ஹைகோர்ட்டும் அச்சலுகை செல்லும் என்று தீர்ப்பளித்தது. குடகரின் வழக்கத்தைச் சர்க்கார் மதித்ததை நாம் குறை கூறவில்லை. துப்பாக்கியோடு ஒரு சமூகம் பொறுப்பாக வாழ முடியும் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதையே சுட்டிக் காட்டுகிறோம். ஜவ்வாது மலைக்காரர் கேட்பது விலக்கும் அன்று. சட்டத்தில் ஏற்கெனவே எழுதியுள்ளதை நடத்திக் காட்டுங்கள் என்பதே.

எதிர்வாதங்களை நாம் மறைக்கவில்லை. நாட்டுத் துப்பாக்கி வேட்டைக்கும் போகிறது. மானும் முயலும் அதனால் மடிகின்றன. பட்டறையில் திருட்டுத்தனமாகச் செய்த குழல் வெடித்துச் சுட்டவர் கையே போகிறது. புதருக்குப் பின்னால் அசைந்ததைப் பன்றி என்று எண்ணிச் சுட, உறவினரே விழுந்த துயரங்கள் தமிழ்நாட்டு மலைகளில் நடந்திருக்கின்றன. இவையெல்லாம் உண்மை. ஆனால் இத்தீமைகள் அனைத்தும் துப்பாக்கி மறைவில் இருப்பதால் வளர்பவை. லைசென்ஸும், எண் பொறித்துச் சோதிக்கப்பட்ட குழலும், பயிற்சியும், வருஷந்தோறும் பார்வையிடலும் இருக்குமாயின் இவற்றுள் பெரும்பகுதி குறையும். துப்பாக்கியைப் பறித்துவிட்டால் பயிர் காப்பவர் சும்மா இருந்துவிடுகிறாரா? சில இடங்களில் மின்வேலி வருகிறது, அவுட்டுக்காய் வருகிறது. மின்வேலியில் பன்றியோடு யானையும் மனிதரும் சாகிறார்கள். அவுட்டுக்காயைக் கடித்த விலங்கு வாய் சிதறிப் பல நாள் துடித்துச் சாகிறது. ஓசை எழுப்பும் ஒரு லைசென்ஸ் துப்பாக்கியைவிட ஓசையின்றிக் கொல்லும் கம்பி மேலானதென்று எந்த அதிகாரியும் சொல்லத் துணியமாட்டார்.

பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதால் வனவிலங்கைக் கொல்ல அனுமதி கிடைத்துவிடுவதில்லை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே நிற்கிறது. அதனை மீற எவருக்கும் உரிமையில்லை. தமிழ்நாட்டு சர்க்கார் 2025 ஜனவரியில் காட்டுப் பன்றி விஷயமாக ஓர் ஏற்பாடு அறிவித்தார்கள். காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வன இலாகாவினர் சுடலாம் என்பது அதன் சாரம். சமவெளி விவசாயிகளுக்கு இது ஓரளவு ஆறுதல். ஆனால் காட்டுக்கு நடுவிலேயே கொல்லையை உடைய ஜவ்வாது மலைக்காரருக்கு 3 கிலோமீட்டர் என்பது எங்கே இருக்கிறது? பன்றியையும் சுடலாகாது, துப்பாக்கியும் வைக்கலாகாது என்றால், அழிந்த கதிருக்கு நஷ்டஈட்டையாவது உரிய காலத்தில், அவர் வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாமா?

இது ஏதோ சில மூட்டைச் சாமையைப் பற்றிய விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். கொல்லை பொய்த்தால் மலையாளிகள் கூலி தேடி மலையிறங்குகிறார்கள். கேரளத்துத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் செல்பவர்கள் ஒருபுறம். தரகர் பேச்சில் மயங்கி ஆந்திரத்துச் செம்மரக் காட்டுக்குச் செல்பவர்கள் மறுபுறம். 2015 ஏப்ரல் 7-ஆந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழர் 20 பேர். அவர்களில் ஜவ்வாது மலைவாசிகளும் இருந்தார்கள். கொல்லையைக் காக்க ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைக்காத மனிதர், கூலிக்குப் போன காட்டில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கு இரையாவதைவிடக் கொடுமையான முரண் வேறென்ன வேண்டும்?

ஆகையால் சர்க்காரை நாம் வற்புறுத்திக் கேட்பவை இவை. முதலாவதாக, மூன்று ஜில்லாக் கலெக்டர்களும் ஜமுனாமரத்தூர் முதலிய மலை ஊர்களுக்கே நேரில் வந்து, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸுக்கு மனு வாங்கும் முகாம் நடத்த வேண்டும். மனு எழுதவும், பயிற்சி தரவும், சான்றுகள் சேர்க்கவும் அங்கேயே ஏற்பாடு வேண்டும். இரண்டாவதாக, குறித்த கெடுவிற்குள் தாமாகவே பழைய துப்பாக்கியை ஒப்படைப்பவர்மீது வழக்கில்லை என்ற உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். வாய்மொழி வாக்குறுதியை நம்பி வந்தவர் பிறகு கோர்ட்டில் நிற்கலாகாது. மூன்றாவதாக, ஒப்படைத்தவர் தகுதியுடையவராயின், அனுமதி பெற்ற பட்டறையில் செய்து சோதித்த துப்பாக்கியை அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். ரூபாய் லட்சம் பெறும் ரிவால்வர் செய்யத் தெரிந்த தேசத்திற்கு இது பெரிய காரியமன்று. நான்காவதாக, மறுக்கப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் காரணம் தமிழில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, ரிவால்வர் லைசென்ஸ்கள் அனைத்தும் புதுப்பிக்க வரும்போது மெய்யான உயிரபாயம் இன்னும் உண்டா என்று பாரபட்சமின்றி ஆராயப்பட வேண்டும். கட்சிப் பிரமுகர் என்பதும் காண்டிராக்டர் என்பதும் அபாயத்திற்குச் சாட்சியாகா.

அரசியல் ஊழியர்களான நமது நண்பர்களுக்கும் கடமை உண்டு. தேர்தல் வருஷத்தில் மட்டும் மலையேறி வாக்குக் கேட்டு இறங்குவது போதாது. ஆயுதச் சட்டத்தின் 13, 14-ஆம் பிரிவுகளைத் தமிழில் அச்சிட்டு ஊர் ஊராகப் படித்துக் காட்டுங்கள். மனுக்களை எழுதிக் கொடுங்கள். மறுக்கப்பட்டால் அப்பீலுக்குத் துணை நில்லுங்கள். மலைவாசிச் சகோதரர்களுக்கும் நாம் சொல்வது: திருட்டுக் குழல் உங்களைக் காக்காது; அது ஒருநாள் உங்கள் கையையும் உங்கள் வழக்கையும் சேர்த்தே உடைத்துவிடும். அதை விட்டுவிட்டு உரிமையோடு லைசென்ஸைக் கேளுங்கள்; கருணையாக அல்ல, சட்டத்தின் பேரால் கேளுங்கள்.

சிறிய ரிவால்வர்களில் எது நல்லது என்று கேட்டவருக்கு நமது முடிவான விடை இதுதான்: உமக்கு மெய்யாகவே அது தேவையா என்று கலெக்டர் கேட்குமுன் நீரே உம்மைக் கேட்டுக்கொள்ளும். தேவையென்றால், பழகக் கூடியதை வாங்கிப் பழகி, உறையிலிட்டு, குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையும். தேவையில்லையென்றால் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்திற்குச் செலவிடும். சர்க்காருக்கு நமது விடை வேறு. கனவானின் மடிக்கும் மலைக்காரரின் பரணுக்கும் சட்டம் ஒன்றே என்று சொல்லிக் கொண்டிருப்பது போதாது. வரும் சாமை அறுவடைக்கு முன் ஜமுனாமரத்தூரில் முதல் முகாம் கூடட்டும். அதன் பின்னர் யார் சட்டத்தை மதிக்கவில்லை என்பதைப் பற்றிப் பேசலாம்.